அப்பாவின் வாளுக்கு நான் வைத்த கூர்

வாள் வைத்திருப்பவர்களுக்குப் புதிய கட்டுப்பாடு வரப்போகிறது என்று செய்தி வந்த அன்றே எங்கள் ஐந்தாறு பேருக்கு நிம்மதி போயிற்று. பழைய வாள் சேர்ப்பவர்கள் என்று புதுச்சேரியில் தேடினால் அவ்வளவு பேர்தான் தேறுவோம். கூர் உள்ள நீள வாளுக்கு உரிமம் வேண்டும், மழுங்கிய அலங்கார வாளுக்கு வேண்டாம் என்றது வரைவு. உரிமத்தை யார் கொடுப்பார்கள், எத்தனை நாளில் கொடுப்பார்கள் என்று கேட்டால் எந்த ஆபீசிலும் பதில் இல்லை. வெட்டப் போகிறவன் உரிமம் வாங்கிக்கொண்டா போகிறான்? அவன் கையில் இருப்பது நேற்றுப் பட்டறையில் அடித்த வீச்சரிவாள். மாட்டிக்கொள்வது, சுவரில் மாட்டி வைத்துத் தூசி தட்டிக்கொண்டிருக்கும் நாங்கள்.

உப்பளம் பகுதியில் இருக்கும் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற வங்கிக்காரர், தன் நான்கு வாள்களையும் வேட்டியில் சுற்றி, எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் கடலூரில் மகள் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். சோதனைச் சாவடி தாண்டிப் பிராந்தி பாட்டில் கடத்துகிறவர்களைத்தான் அதுவரை எனக்குத் தெரியும்.

என்னிடம் இருப்பவை மூன்று. இரண்டு போனால் போகட்டும் என்று விட்டுவிடுவேன். மூன்றாவது அப்பாவுடையது. பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து ஊர் திரும்பியபோது கொண்டுவந்த அணிவகுப்பு வாள். அக்கா பிரான்சில் குடியேறப் போனபோது அதை என் கையில் கொடுத்து, "ஒன்ன நம்பித்தான்டா இத உட்டுட்டுப் போறேன்" என்றாள். அதைப் பறிகொடுத்துவிட்டு அவள் முகத்தில் என்னால் விழிக்க முடியாது.

விசாரிக்கப் போன இடத்தில் எழுத்தர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கூர் இருக்கா சார்?"

அங்கேதான் எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. அதுவும் என்மேலேயே. அப்பா கொண்டுவந்தபோது அந்த வாளுக்குக் கூரே கிடையாது. அப்பா ஒருநாளும் அதைத் தீட்டியதில்லை. வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு முதல் நாள், சாணை பிடிப்பவரை நெல்லித்தோப்பு வீட்டுக்கே வரவழைத்து, காகிதத்தை நறுக்கும் அளவுக்குக் கூர் ஏற்றிச் சந்தனம் குங்குமம் வைத்தவன் நான். கத்தியும் அரிவாள்மனையும் பளபளக்கும்போது வாள் மட்டும் மழுங்கலாக இருந்தால் சாமிக்குக் குறை என்று நினைத்தேன். சாமி என்னைக் கேட்டதா?

"இருக்கு" என்றேன்.

"அப்ப மழுக்கிடுங்க சார். பிரச்சன முடிஞ்சிது."

ஒரு வெல்டிங் பட்டறையில் கொடுத்தேன். "லேசாப் போதும்" என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். அந்த ஆள் தலையை ஆட்டிக்கொண்டே கிரைண்டரை வைத்து, ஓரம் முழுக்கக் கோணலும் மாணலுமாக ஒரு விரல் அகலத்துக்குத் தின்றுவிட்டார். உறையில் போட்டால் இப்போது கடகடவென்று ஆடுகிறது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுகையாக வந்தது.

அடுத்த மாதமே வரைவைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள். நண்பரின் நான்கு வாள்களும் கடலூரிலிருந்து பத்திரமாகத் திரும்பிவிட்டன.

போன வாரம் அக்கா வீடியோ காலில் வந்தாள். "அப்பா வாள கொஞ்சம் காட்டுடா, பாத்து ரொம்ப நாளாச்சு" என்றாள். சத்தம் வராமல் கைப்பிடியையும் உறையையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூக்கிக் காட்டினேன்.

"உருவிக் காட்டு."

"எண்ண தடவி வெச்சிருக்கேன்க்கா, கையெல்லாம் பிசுபிசுன்னு ஆயிடும்."

நம்பிவிட்டாள். "அப்பா மாரியே பாத்துக்குற நீ" என்றாள்.