மேட்டு மூலை அரிசி

கருவேலம் மண்டிக் கிடந்த நாலு ஏக்கரை வேரோடு பிடுங்கி வயலாக்கியவன் நான். அமராவதிபுதூருக்குத் தெற்கே, பாறையில் தண்ணீர் வராது என்று ஊரே சிரித்த இடத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் கண்டவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், செக்காலையில் மோட்டார் ரிப்பேர் கடை போட்டு இருபத்தெட்டு வருஷம் நடத்தினேன். மாடி வீடு கட்டினேன். மகனை இன்ஜினீயராக்கினேன், மகளை பேங்க் வேலைக்கு அனுப்பினேன். ஒருத்தரும் கைகொடுக்கவில்லை. சரி, என் வீட்டுக்காரி கொடுத்தாள். அதைப் பின்னால் சொல்கிறேன். இவ்வளவும் செய்தவன், பொங்கல் பானையில் தன் வயல் அரிசியைப் போட இந்த வருஷம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டு வழக்கம் இதுதான். பானை பொங்கியதும் வீட்டின் மூத்த ஆம்பளை கிழக்கே பார்த்து நின்று மூன்று கை அரிசி அள்ளிப் போட வேண்டும். அது எங்கள் வயலில் விளைந்த அரிசியாக இருக்க வேண்டும். மழை தள்ளிப் பெய்ததால் இந்தத் தை பிறக்கும்போது வயல் பச்சையாகவே நின்றது. மேட்டு மூலையில் மட்டும் ரெண்டு பாத்தி பழுத்திருந்தது. அதை நானே அறுத்து, கல்லில் அடித்து, காயவைத்து எடுத்துவந்தேன். நாலு படி நெல்லுக்காக எந்த மில்லில் மிஷினை ஓட்டுவான்? வீட்டுக்காரிதான் உரலில் போட்டுக் குத்தினாள்.

போகியன்று மகனும் மகளும் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. கார் டிக்கியைத் திறந்து ஒரு பையை எடுத்து நீட்டினார்.

"மாமா, இது தூயமல்லி. மருந்தே அடிக்காதது. ஆன்லைன்ல தேடிப் பிடிச்சேன்."

நல்ல மனுஷர்தான். ஆனாலும் நெல் விளைகிற வீட்டுக்கு அரிசி வாங்கிக்கொண்டு வருவார்களா?

பொங்கலன்று காலை வாசலில் கோலத்துக்கு நடுவே அடுப்பு மூட்டியாயிற்று. மகன் வந்து என் அரிசியைச் சுளகில் கிளறிப் பார்த்தான்.

"அப்பா, கோவிச்சுக்காதீக. உமி கெடக்கு, பாதி நொய்யி. பிள்ளைக வாயில வைக்காதுக. மாப்பிள்ளை கொண்டாந்ததையே போட்ருவோம்."

"ஏண்டா, இதைத் தின்னுதானடா நீ இன்ஜினீயர் ஆனே?"

"அதுக்காக இன்னமும் உமியத் திங்கணுமா?"

மகள் சிரித்துவிட்டாள். எனக்கு உச்சிக்கு ஏறியது. "அப்ப அந்த மூணு கையையும் மாப்பிள்ளையே போடட்டும்" என்று சொல்லிவிட்டு வைக்கோல் படப்புப் பக்கம் போய் நின்றுகொண்டேன். யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று பார்த்தேன். ஒரு ஆள் வரவில்லை. வீட்டுக்காரி என் சுளகைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பித்தளைச் சட்டியில் அரிசியைக் களைந்து எடுத்துவந்தாள். பானை பொங்கியது. குலவை போட்டார்கள். மாப்பிள்ளை மூன்று கை போட்டார், அதுவும் மேற்கே பார்த்து நின்றுகொண்டு.

இலையில் வைத்த பொங்கலை நான் தொடவில்லை.

"ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க மாமா."

"எனக்குச் சுகரு மாப்பிள்ளை."

எனக்குச் சுகரெல்லாம் கிடையாது. முந்தின நாள் சோற்றில் மோரை ஊற்றிக் குடித்தேன். பக்கத்து இலையில் மகன், "என்னா வாசம்! அரிசின்னா இதுதான் அரிசி" என்று மூன்றாந்தரம் வாங்கினான். மகள் பானையைப் படமெடுத்து, 'இந்த வருடப் பொங்கல், எங்க வீட்டுக்காரர் வாங்கித் தந்த தூயமல்லியில்' என்று எழுதிக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். அமெரிக்காவில் இருக்கிற என் தம்பி மகன் வரைக்கும் கைதட்டினான். பானையில் மிச்சமிருந்ததை நானே வழித்துக் கொண்டுபோய்ப் பசுவுக்கு வைத்தேன். கண்ணில் படாமல் தொலையட்டும் என்று.

மறுநாள் மாட்டுப் பொங்கலுக்குப் புதுக் கயிறு எடுக்க அடுப்படிப் பரணில் கையை விட்டால், தூயமல்லிப் பை இருக்கிறது. ஒட்டுக்கூடப் பிரிக்கவில்லை. மேலே போட்டிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். புழுங்கல் அரிசி.

வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். "இங்குட்டு வா. இது ஏன் பிரிக்காமக் கெடக்கு?"

"மெதுவாப் பேசுங்க. புழுங்கலரிசியில எவளாச்சும் பொங்க வைப்பாளா? உங்க அரிசியத்தான் இன்னொருக்கப் புடைச்சு, நொய்யெடுத்துப் போட்டேன்."

"எங்கிட்டச் சொன்னா என்ன?"

"சொன்னா சும்மா இருப்பீகளா? ஊரைக் கூட்டிருவீக. மாப்பிள்ளைக்கு மொகம் சுண்டிப்போகும். போயி படப்புக்கிட்ட நில்லுங்கன்னு நானா சொன்னேன்?"

உழுதவன் தின்னவில்லை. பசு தின்றது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

மாப்பிள்ளை ஊருக்குக் கிளம்புகிறவரை அவளுக்காக நான் வாயைத் திறக்கவில்லை. காரில் ஏறும்போது, "அடுத்த வருஷமும் அரிசி நானே கொண்டாரேன் மாமா" என்றார். சரி என்று தலையாட்டினேன். பாறையில் கிணறு வெட்டினதுகூட எனக்கு அவ்வளவு சிரமமாக இருக்கவில்லை.

ஆனால் அந்தப் படம் இன்னும் குரூப்பில் கிடக்கிறது. தினமும் எடுத்துப் பார்க்கிறேன். மாப்பிள்ளை கோவிக்க வேண்டாம், அடுத்த தடவை பச்சரிசியா என்று பார்த்து வாங்கட்டும். மகளே, நீ அதைத் திருத்திப் போடு. குத்தியதும் புடைத்ததும் உன் அம்மா என்று எழுது, நான் மறுக்கவில்லை. உழுதது, நட்டது, அறுத்தது, அடித்தது உன் அப்பன் என்றும் எழுது. அமெரிக்காக்காரனும் பார்க்கிற மாதிரி எழுது. அப்பன் பெயர் முதலில் வர வேண்டும்.