கூட்டுரோட்டில் நான் வைத்த பேனர்

எங்கள் பகுதியில் பிள்ளைக்குக் காது குத்தினாலும் பேனர், ஆள் செத்தாலும் பேனர். அந்த மண்ணில் பிறந்தவள் நான். எங்கள் கோவில் பெண் ஒருத்தி லிஸ்பனுக்குப் போகிறாள் என்றால் சும்மா இருக்க முடியுமா? இப்படித் தொடங்கினால் பழியை ஊர்மேல் போடுவதுபோல் இருக்கிறது. வேண்டாம், வைத்தது நான்தான்.

பள்ளிக்கூட வேலை போக, பங்குக் கோவிலின் இளையோர் குழுவையும் பல வருடங்களாக நான்தான் நடத்திவந்தேன். வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவில் இருக்கும் சின்னப் பங்கு. நாடு நாடாகக் கத்தோலிக்க இளைஞர்கள் வந்து திருத்தந்தையோடு கூடும் பெருங்கூட்டத்துக்கு எங்களில் நான்கு பேர் போகலாம் என்று செய்தி வந்தது. ஃபாதர் வாயைத் திறக்கும் முன்பே நான் அவள் பெயரைச் சொல்லிவிட்டேன். கொத்தனார் மகள், நர்சிங் முடித்தவள். பீடத்தில் அவள் வாசகம் படித்தால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவரும் நிமிர்ந்து உட்காருவார்.

மாதக்கணக்கில் தயாரானோம். அங்கே மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் நடக்க வேண்டும் என்பதால் சனிக்கிழமைதோறும் பாகூர் ஏரிக்கரையில் நடைப் பயிற்சி. யூடியூப் பார்த்து அருள் நிறைந்த மரியே ஜெபத்தைப் போர்த்துகீசிய மொழியில் மனப்பாடம் செய்தோம். அந்தக் கூட்டத்தில் முன்பின் தெரியாதவர்கள் சின்னச் சின்னப் பரிசு மாற்றிக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டு, அவள் நல்லவாட்டுக் கடற்கரையில் கிளிஞ்சல் பொறுக்கிவந்து ஒரு பை நிறையச் சாவிக்கொத்துகள் செய்தாள். நானோ நாலு செய்துவிட்டு விரலில் பசை ஒட்டிவிட்டதென்று எழுந்துகொண்டேன்.

விசா விண்ணப்பத்தை நிரப்பிய அன்றுதான் அவளுடைய இன்னொரு பெயரை முதல்முறையாக எழுதினேன். அவள் இருக்கும் காலனியில் பல பிள்ளைகளுக்கு இரண்டு பெயர். கோவில் புத்தகத்தில் ஞானஸ்நானப் பெயர். சாதிச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் ஓர் இந்துப் பெயர். கிறிஸ்தவர் என்று எழுதிவிட்டால் பட்டியல் சாதிக்கான இட ஒதுக்கீடு போய்விடும். அவள் அரசு நர்ஸ் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். எனக்கு இது தெரியாததில்லை. ஆனால் நான் மேல்தெருக்காரி. எனக்குக் கோவிலிலும் ரேஷன் கார்டிலும் ஒரே பெயர்தான். தெரிந்த விஷயம் உறைக்கவில்லை.

"போட்டோ கீட்டோ வெளிய எங்கயும் போட்டுடாதீங்கக்கா" என்று அன்றே சொன்னாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன்.

விசா வந்த வாரம் கூட்டுரோட்டில் பத்தடிக்கு ஒரு பேனர் கட்டவைத்தேன். அவள் படம், அதன் கீழே பெரிய எழுத்தில் ஞானஸ்நானப் பெயர், 'எங்கள் பங்கின் பெருமை' என்று ஒரு வரி. கோவிலுக்கு வராதவர்களுக்கும் யாரென்று தெரியட்டுமே என்று அடைப்புக்குறிக்குள் சான்றிதழ்ப் பெயரையும் போடச் சொன்னேன். இது என் மூளையில் உதித்த யோசனை.

மறுநாள் காலை அவள் அப்பா பேனரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"இன்னா டீச்சர் இப்டி பண்ணிட்டீங்க? ரெண்டு பேரையும் ஒண்ணா எழுதி ரோட்ல மாட்டிட்டீங்களே. எவனாவது போட்டோ புடிச்சி ஆபீசுக்கு அனுப்புனா அவ படிச்ச படிப்பு இன்னாத்துக்கு ஆவும்?"

மன்னிப்புக் கேட்டேன். உள்ளே வரச் சொன்னேன். அவர் வரவில்லை.

"அவ எங்கயும் வரல. அங்க ஊர்வலம்னுவாங்க, டிவின்னுவாங்க. வாணாம். நாங்க ஒண்ணும் சாமிய வுட்டுடல டீச்சர். பொழைக்கணுமில்ல?"

ஃபாதர் போய்ப் பேசினார். நான் மூன்று முறை போனேன். மூன்றாம் முறை அவளே வாசலுக்கு வந்து சாவிக்கொத்துப் பையை என் கையில் கொடுத்தாள். "அப்பா பயப்படுறாருக்கா. இத மட்டும் எடுத்துட்டுப் போங்க" என்றாள். என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அவள் இடத்தை வேறு யாருக்கும் மாற்றித்தர வழியில்லை. நாங்கள் மூன்று பேர் போனோம். லிஸ்பன் வெயிலில் லட்சம் பேர் பாடினார்கள், ஆடினார்கள், அழுதார்கள். நானும் அழுதேன், ஆனால் பக்தியால் அல்ல. அவளுடைய கிளிஞ்சல்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். வாங்கிய ஒரு பெண் யார் செய்தது என்று சைகையில் கேட்டாள். பெயரைச் சொல்லப் பயந்து என் தோழி என்று மட்டும் சொன்னேன்.

பிறகு அவள் எங்கள் கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். தனியார் மருத்துவமனையில் வேலை, ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி என்றார்கள். அரசு வேலை முடிவு அப்போது வந்திருக்கவில்லை. குழுவை நான் விட்டுவிட்டேன். யாரும் காரணம் கேட்கவில்லை.

போன மாதம் வில்லியனூர் பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். முதுகு காட்டி நின்றிருந்தாள். சுற்றிலும் கூட்டம். ஞானஸ்நானப் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சட்டென்று விழுங்கினேன். இந்த முறையாவது புத்தியோடு நடந்துகொள்கிறோம் என்ற பெருமை வேறு. சான்றிதழ்ப் பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் தெரிந்தவர் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தாள் போல, மரியாதையாகச் சிரித்துக்கொண்டே திரும்பினாள். என்னைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அணைந்துவிட்டது.

"நீங்ககூடவாக்கா என்ன அந்தப் பேர்ல கூப்புடணும்?" என்றாள்.

பாகூர் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.