மாறாத எண்

"...அதெல்லாம் இருக்கட்டும் சார், மாசாமாசம் 'போட்டாச்சு, போட்டாச்சு'ன்னு எழுதிட்டுப் போறீங்களே, அப்ப இந்த நம்பர் மட்டும் ஏன் மாறவே மாட்டேங்குது?"

கேட்டவர், சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பொறுப்பாளர் அம்மா. அங்கே சர்வரைப் பார்த்துக்கொள்பவன் நான். படித்து வந்தவன் இல்லை, கழற்றிப் பார்த்துக் கற்றவன். இணையத் திருடர்கள் நுழையக்கூடிய ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்டுகளை மாதந்தோறும் போடுவது என் வேலை.

எந்த அப்டேட்வரை வேலைக்கு வந்திருக்கிறது என்று காட்டும் சிஸ்டத்தின் எண் திரையில் தெரியும். போன தடவை நான் கிளம்பியதும், அதைக் காலண்டர் தாளில் குறித்துவைத்திருக்கிறார். இப்போது அந்தத் தாளைத் திரையோடு ஒட்டிப் பிடித்தார். ஒரு புள்ளிகூட மாறவில்லை.

என் இடத்துக்கு ஆசைப்படும் யாரோ இவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது.

"ரீஸ்டார்ட் பண்ணாத்தான் மாறும் மேடம். நீங்கதானே அதைத் தொடக்கூடாதுன்னீங்க?"

"தொடலைன்னா போட்டதே வேலை செய்யாதுன்னு சொன்னீங்களா?"

சொல்லவில்லை. முன்பு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தபோது சர்வர் மதியம்வரை எழுந்திருக்கவில்லை. பச்சைமலையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர்கள் ரிப்போர்ட் இல்லாமல் வாசலில் கிடந்தார்கள். அதன்பின் அந்தப் பேச்சை எடுத்தாலே இவர் முகம் சுருங்கிவிடும். அந்த முகத்துக்குப் பயந்து, 'போட்டாச்சு' என்று மட்டும் எழுதிவிட்டு நழுவிக்கொண்டிருந்தேன்.

"அப்ப ஊசி போட்டேன்னு சொல்லிட்டு, மருந்தை சிரிஞ்சுலயே வச்சிருக்கீங்க!"

மனிதர்கள் சொல்வதையெல்லாம் மனதில் சேர்த்துவைக்கிற ஆள் நான். இதையும் சேர்த்துக்கொண்டேன், தலையைக் குனிந்தபடி.

"யாராவது உள்ள பூந்திருந்தா?"

"இதுவரைக்கும் அடையாளம் எதுவும் இல்லைங்க. ஆனா பூந்தா எல்லாருடைய ரிப்போர்ட்டையும் பூட்டிப் போட்டுடுவாங்க. இப்பவே ரீஸ்டார்ட் பண்ணிடலாம்."

"திரும்ப எழுந்திருக்கலைன்னா?"

"தனியா காப்பி எடுத்து வச்சிருக்கேன் மேடம்."

"அதையும் எழுத மட்டும்தான் செஞ்சீங்களா? அந்தக் காப்பியிலேர்ந்து நேத்து வந்தவங்க ரிப்போர்ட் ஒண்ணு திறந்து காட்டுங்க, பாப்போம்."

திறந்து காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசி வரிவரை படித்தார். பிறகு தயாராக இருந்த ரிப்போர்ட்டுகளை எல்லாம் அச்செடுத்து, வாசலில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். நான் கீபோர்டு பக்கம் கையை நீட்டினேன்.

"தள்ளுங்க சார். நீங்க பண்ணா, பண்ணிட்டேன்னு சொல்வீங்க."

என்னை எழுப்பிவிட்டு, என் நாற்காலியில் உட்கார்ந்து, எந்தப் பொத்தான் என்று இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டு, அவரே அழுத்தினார்.