ஒரே ஊரில் ஐந்து பச்சையம்மாள்

நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு பச்சையம்மாள் இருந்தார். அவர் என் மாமியார்.

பெண் பார்க்க வந்த அன்றே இது பேச்சாகிவிட்டது. யாரோ என் பெயரைக் கேட்டார்கள். நான் சொன்னதும் என் மாமியார் வாய்க்குக் கொண்டுபோன வெற்றிலையைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

"எம்மவன் பொண்டாட்டிய எப்படிக் கூப்புடுவான்? பெத்தவ பேரச் சொல்லியா அதட்டுவான்?"

"ஒங்களுக்குப் புடிச்ச வேற பேரு வச்சிக்குங்க" என்றார் என் அப்பா. அவருக்குக் கல்யாணம் நின்றுவிடக்கூடாது என்ற கவலை. நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த காலம் அது. கம்யூன் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் அந்தப் பெயரைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி எழுதிப் பழகியிருந்தேன். என் நோட்டுகளின் முதல் பக்கத்தில் எல்லாம் அது இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு நான் 'சின்னவ' ஆனேன். நாலு வருஷம் அந்த வீட்டில் ஒருவரும் என் பெயரைச் சொல்லவில்லை. என் கணவர் 'இந்தா' என்பார். அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் அந்தப் பெயருக்குப் பஞ்சமே கிடையாது. மேற்கு எல்லையில் மண் குதிரைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அம்மனுக்கு அந்தப் பெயர். கோயிலை ஒட்டிய நஞ்சைக்கும், ஏரியின் இரண்டாவது மதகுக்கும் அதே பெயர்தான். பிள்ளை வேண்டிக்கொண்டவர்களெல்லாம் பெண் பிறந்தால் அந்தப் பெயரை வைத்தார்கள். எங்கள் வீட்டுக் கிடாரி ஒன்றுக்கும் அதே பெயர். அதைக் கடைத்தெரு பாய் வாங்கிப் போனார். பெயரை மாற்றினால் பால் கொடுக்காது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் அவர் வீட்டம்மா கொல்லையில் நின்று "பச்சிம்மா, வா!" என்று கூப்பிட்டால், தெருவில் போகிற பெண்களில் ஒருத்தியாவது திரும்பிப் பார்ப்பாள்.

அதனால் பெண்களுக்கெல்லாம் ஒரு அடையாளம் சேர்த்துச் சொல்வார்கள். என் மாமியார் பெரிய பச்சை. ஏரிக்கரையில் மதகுப் பச்சை இருந்தாள். அவள் புருஷன்தான் மதகு திறந்து மூடுகிறவன். அவன் செத்ததும் அந்த வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். பொம்பளைக்குக் கீழே தண்ணீர் பாய்ச்சுவதா என்று ஆண்கள் கேலி செய்தார்கள். அந்த வருஷமே ஒரு பெருமழையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மதகைத் திறந்து கரையைக் காப்பாற்றினாள். அதற்குப் பிறகு கேலி நின்றது. மோர்ப் பச்சை தினமும் தலையில் பானையோடு தவளக்குப்பம் போய், கடலூர் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு மோர் விற்பாள். மடுகரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் நெட்டைப் பச்சை. நடவு ஆட்களுக்கு அவள்தான் தலைவி. ஐந்தாவது நான். எனக்கு அடைமொழி தேவைப்படவில்லை. பெயரே இல்லையே.

உலகச் சண்டை முடிந்த பிறகு, பெண்களுக்கும் ஓட்டு உண்டு என்று சொன்னார்கள். ஆளெழுத ஒருவர் வீடு வீடாக வந்தார். எங்கள் வாசலில் நின்று என் மாமியார் பெயரை எழுதிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒம் பேரு இன்னாம்மா?"

நான் மாமியாரைப் பார்த்தேன்.

"சின்னவன்னு எழுதிக்க" என்றார் அவர்.

"அது பேரு இல்லீங்களே."

எங்கிருந்து தைரியம் வந்ததோ, "பச்சையம்மாள்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. எழுத வந்தவர் சிரித்தார். மாமியார் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

சில வாரம் கழித்துப் பாய் எங்கள் வாசலுக்கு வந்தார். கடைக்கு லைசென்ஸ் விஷயமாகக் கம்யூன் அலுவலகம் போய்வருகிறவர். பிரெஞ்சு எழுத்தை ஓரளவு கூட்டிப் படிப்பார்.

"ஓட்டுப் பட்டியல செவுத்துல ஒட்டியிருக்காங்கம்மா. நம்ம ஊருக்குப் பச்சையம்மான்னு ஒரே ஒரு பேருதான் இருக்குது. ஒங்க அஞ்சு பேருக்கும் சேத்து ஒண்ணா?"

"எந்தப் பச்சைன்னு போட்டிருக்குது?" என்று மாமியார் கேட்டார்.

"அத எழுதலியே. பேரும் ஊரும்தான் இருக்குது. திருத்தம் கேக்கறதுக்கு நாளையோட கெடு முடியுது."

என் கணவர் சுலபமாக வழி சொன்னார். "அம்மா, வூட்டுல மூத்தவ நீ. நீயே போட்டுடு. யாரு கேக்கப் போறாங்க?"

அவர் சொன்னதில் தப்பில்லை. யார் முதலில் போகிறாளோ அவளுக்கு ஓட்டு. மறுநாள் காலை நான் சாணி தெளித்துக்கொண்டிருந்தபோது, மாமியார் நல்ல புடவை கட்டி வெளியே வந்தார்.

"சின்னவளே, கெளம்பு. மத்த மூணு பேரையும் வரச் சொல்லு. பட்டியல் எழுதனவன் நம்மள்ல நாலு பேர வுட்டுட்டான். நாலையும் திரும்ப எழுத வைக்கணும்."

"நீங்க ஒருத்தரே போட்டுடலாமே அத்தே" என்றேன். என் பெயரும் வேண்டும் என்றுதான் மனசு விரும்பியது, வாய் அப்படிச் சொல்லிவிட்டது.

"அதுல இருக்கறது நான்தான்னு எனக்கு எப்படித் தெரியும்? நீயா இருந்தா?"

ஐவரும் ஏரிக்கரையோடு நடந்தோம். நல்ல கோடை வெயில். மோர்ப் பச்சை மட்டும் பானையை விடவில்லை. "பொழப்பு கெடக் கூடாதுடி" என்றாள். கம்யூன் அலுவலகத்தை எங்கள் பக்கத்தில் பிரெஞ்சில் மேரி என்றுதான் சொல்வார்கள். நெட்டைப் பச்சை அதுவரை அந்தப் பக்கமே போனதில்லை. வில்லியனூர் மாதா கோயில் தேருக்குப் போய்வந்தவள். "மாதா பேரையா கச்சேரிக்கு வச்சிருக்காங்க? அப்ப நல்லதுதான் நடக்கும்" என்று கும்பிட்டாள். மாதா வேறு, மேரி வேறு என்று நான் விளக்கியதை அவள் காதில் வாங்கவில்லை.

குமாஸ்தா இளைஞர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன்.

"ஒரே பேரு அஞ்சு தடவ வந்துச்சி. எவனோ கள்ள ஓட்டுக்கு எழுதி வச்சிருக்கான்னு நாலை அடிச்சிட்டேன்" என்றார்.

"அந்த நாலும் நாங்கதான்" என்றாள் மதகுப் பச்சை.

"அதுக்குச் சாட்சி?"

"இதோ நிக்கிறேனே. என்ன விட இன்னா சாட்சி வேணும்?"

"நிக்கிறது சாட்சி இல்லம்மா. காகிதம் வேணும். பொறப்புப் பதிவப் பாக்கணும். எந்த வருசம் பொறந்த?"

"ஏரி ஒடைஞ்ச வருசம்."

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். "வருசம் தெரியாம எந்தப் புஸ்தகத்தைத் தொறக்கறது? நாளைக்கு வாங்க."

நாளைக்குக் கெடு முடிந்திருக்கும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் பிரெஞ்சில் ஒரு வாக்கியம் சொல்லிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு பேசியதே இல்லை. அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். ஆனால் நாற்காலியை விட்டு எழவில்லை. என் மாமியார் வெளி வராந்தாவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "குந்துங்கடி" என்றார். நாங்களும் உட்கார்ந்தோம்.

வெயில் ஏறியது. மோர்ப் பச்சை சும்மா இருக்கவில்லை. சேவகன், பத்திரம் எழுத வந்தவர்கள், கடைசியில் குமாஸ்தா என்று எல்லோருக்கும் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். உச்சிப்பொழுதில் புதுச்சேரியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி காரில் வந்து இறங்கினார். பட்டியல்களைப் பார்வையிட வந்தவர். தமிழர்தான். தொப்பி போட்டிருந்தார். எல்லோரும் எழுந்து, ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் "முசே, முசே" என்று வழிவிட்டார்கள். அவர் முகமெல்லாம் வேர்வை. சேவகன் அவருக்கு மோர் வாங்கித்தர வாசலுக்கு ஓடிவந்து கத்தினான்.

"ஏ பச்சை! இங்க வா!"

நாங்கள் ஐந்து பேரும் எழுந்து நின்றோம்.

யோசித்துச் செய்ததில்லை. பெயரைச் சொன்னதும் கால் தானாக எழுந்துவிட்டது. நாலு வருஷம் யாரும் கூப்பிடாத என் காலும் எழுந்தது.

அதிகாரி எங்களைப் பார்த்தார். "எனக்கு ஒரு டம்ளர் மோர் போதுமே. ஏன் ஐந்து பேர்?"

"ஒங்க ஆளு கூப்புட்ட பேரு எங்க அஞ்சு பேருக்கும் சொந்தம்" என்றார் என் மாமியார். "உள்ள இருக்கற தம்பி, அஞ்சு பேரும் ஒருத்தின்னு எழுதிட்டாரு. நல்லா எண்ணிப் பாத்துக்குங்க."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு போயிற்று. மோரைக் குடித்து முடித்தார். "புத்தகங்களை எடுங்கள்" என்றார். குமாஸ்தா வருஷக் கணக்கைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். "எல்லாவற்றையும் எடுங்கள்" என்றார் அதிகாரி.

அலமாரியிலிருந்து தோல் அட்டை போட்ட தடித்த புத்தகங்கள் வராந்தாவுக்கு வந்தன. பக்கத்தைப் புரட்டப் பழைய தூசி பறந்தது. குமாஸ்தா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தேடினோம். அதிகாரி என்னைத் தடுக்கவில்லை. தகப்பன் பெயரை வைத்து ஒவ்வொருத்தியையும் கண்டுபிடித்தோம். நெட்டைப் பச்சை பிறந்தது வேறு கம்யூன். அதனால் அவளுடைய கல்யாணப் பதிவைத் தேடி எடுத்தோம்.

அங்கேதான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. ஒரே பெயர், ஆனால் புத்தகங்களில் ஐந்து விதமாக எழுதியிருந்தது. ஒவ்வொரு காலத்துக் குமாஸ்தாவும் தன் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். ஒருத்தி பச்சேயம்மாள், ஒருத்தி பாச்சியம்மாள், ஒருத்தி பத்சையம்மா. எழுத்துக் கூட்டலில் ஐவரும் ஐந்து பேராகவே இருந்தோம். ஆளெழுதிய தாளிலிருந்து பட்டியலுக்கு ஏற்றும்போது எல்லாவற்றையும் ஒரே அச்சாக்கியது இந்த இளைஞர்தான். "அழகா இருக்கட்டும்னு செஞ்சேன் முசே" என்றார், பாவம்.

"புத்தகத்தில் உள்ளபடியே எழுதுங்கள். ஐந்தையும்" என்றார் அதிகாரி.

கடைசியாக வந்தது என் மாமியார் பதிவு. அந்தப் புத்தகம்தான் ரொம்பப் பழையது. மை பழுப்பேறியிருந்தது. நான் படித்துப் படித்துத் தமிழில் சொன்னேன். "விடியற்காலை நாலு மணிக்குப் பிறந்திருக்கீங்க அத்தே."

அவர் என் அருகில் வந்து புத்தகத்தைக் குனிந்து பார்த்தார். படிக்கத் தெரியாதவர்.

"நாலு மணியா? எனக்குப் பொறந்த நேரம் சொல்ல ஆளே இல்லடி. என்னப் பெத்த ஒம்பதாம் நாளே எங்கம்மா போயிட்டாளாம். அவளப் பத்தி எதுனா இருக்குதா?"

"இருக்கு. அவங்க வயசு இருபதுன்னு போட்டிருக்கு."

"இருபதா?" அவர் விரலை அந்த வரிமேல் வைத்தார். நான் சரியான இடத்துக்கு நகர்த்தினேன். "ஒன்ன விடச் சின்னவ."

அதிகாரி கேட்டார். "இவ்வளவு நன்றாகப் படிக்கிறாளே, யார் இந்தப் பெண்?"

மாமியார் நிமிர்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எம்மருமவ. பேரு பச்சையம்மா."

அந்த வராந்தாவில் யாருக்கும் அது பெரிய செய்தி இல்லை. அன்று அந்தப் பெயரைப் பத்து இருபது தடவை எல்லோரும் கேட்டுவிட்டார்கள். நான் மட்டும் புத்தகத்தை மூடுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஓட்டுப் போடும் நாளில் ஊரே வந்து நின்றது, எங்களை வேடிக்கை பார்க்க. மேசைக்குப் பின்னால் மேர் என்கிற கம்யூன் தலைவரும், பக்கத்தில் பட்டியலோடு அதே குமாஸ்தாவும் இருந்தார்கள். குமாஸ்தா எழுந்து பெயரைப் படித்தார். மாமியார் போனார். மறைவில் போய்ச் சீட்டை உறையில் போட்டு வந்து பெட்டிக்குள் விட்டார். ஓட்டுப் போட்டாயிற்று என்பதற்கு மேர் "அ வொத்தே!" என்று உரக்கச் சொன்னார். கூட்டத்தில் ஒருவன் "ஒண்ணு!" என்று கத்தினான்.

குமாஸ்தா மறுபடி அதே பெயரைப் படித்தார். மதகுப் பச்சை. "ரெண்டு!" அப்புறம் மோர்ப் பச்சை, வந்த கையோடு மேரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். நாலாவதாக நெட்டைப் பச்சை. சீட்டைப் போடுமுன் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டாள். இப்போது கூட்டமே சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தது.

ஐந்தாவது தடவை குமாஸ்தா பட்டியலைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்து, முழுசாக, நிறுத்தி, பிரெஞ்சுக்காரர் மாதிரி இல்லாமல் நம் ஊர் உச்சரிப்பில் சொன்னார்: "பச்சையம்மாள்."

என் உறை பெட்டியில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. "அ வொத்தே!" என்றார் மேர். "அஞ்சு!" என்று ஊர் கத்திய கத்தலில், மரத்திலிருந்த காக்கைகள் கிளம்பிவிட்டன. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற பாய் கைதட்டினார். மதகுப் பச்சை என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் தோளில் ஏரித்தண்ணீர் வாசம் அடித்தது.

வீடு திரும்பும்போது என் கணவர் எங்கள் இருவருக்கும் நடுவில் நடந்து வந்தார். ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"யாருக்கும்மா போட்டீங்க ரெண்டு பேரும்?"

"அது ஒனக்கு எதுக்குடா?" என்றார் மாமியார். பிறகு மகனைத் தாண்டி எட்டி என்னைப் பார்த்தார். "பச்சை, நீ சொல்லிடாத."

நான் சொல்லவில்லை. இன்றுவரை என் கணவருக்குத் தெரியாது.