படத்தை அளக்காதீங்க!

யானையைத் தாளுக்குள் அடக்குவதும், எறும்பைத் தாள் முழுக்க இழுத்து விடுவதும்தான் எங்கள் டிராயிங் ஆபீஸ் பிழைப்பு. ஸ்கேல் போட்டுத் திட்டு வாங்கின சகபாவிகளே, வாங்க, உட்காருங்க!

பாதிக் கம்பி

ஓசூரில் ஒரு சின்ன மெஷின் ஷாப்பில் சேர்ந்து முதல் மாதம். முந்நூறு மில்லிமீட்டர் நீளத்தில் பன்னிரண்டு ஷாஃப்ட், அதாவது உருட்டுக் கம்பி, செய்ய ஒரு படம் வரையச் சொன்னார் மொதலாளி. ஏ-ஃபோர் தாளில் அது அடங்காது. பாதியாக்கி வரைந்து, மூலையில் 1:2 என்று ஸ்கேல் போட்டு, நிஜ அளவையும் எழுதிக் கொடுத்தேன்.

லேத் ஓட்டும் பாகலூர் நஞ்சப்பண்ணன் அன்றைக்குப் பார்த்துக் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். எழுத்து தெரியவில்லை, ஸ்டீல் ரூலை எடுத்துப் படத்தின் மேலேயே வைத்து அளந்துவிட்டார் மனுஷன்! பன்னிரண்டு கம்பியும் நூற்றைம்பதுக்கு அறுந்து கிடந்தன. அறுத்ததை ஒட்டவா முடியும்? “இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நீ வீட்லயே இருந்துக்கலாம் நஸ்ரீன்” என்றார் மொதலாளி. மத்திகிரி வாடகை வீட்டில் சம்பளம் வாங்குவது நான் ஒருத்திதான். அழுகையே வந்துவிட்டது. நஞ்சப்பண்ணனோ அசரவில்லை.

“நீ போட்ட கோட்டுக்குத்தாம்மா அறுத்தேன். பாதியா போட்டது யாரு?”

அசல் சைஸ்

அடுத்து வந்தது இரண்டு மீட்டர் நாற்பது சென்டி நீளத்துக்கு ஒரு இரும்பு ஃபிரேம். ஸ்கேலும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று அசல் சைஸிலேயே வரைந்தேன். துண்டு துண்டாகப் பிரிண்ட் எடுத்து, செலோடேப் ஒட்டி, ஷாப் தரையில் விரித்தேன். ஒரு முனையில் நஞ்சப்பண்ணன், மறு முனையில் நான். ஒரு அளவு கேட்கவே கத்த வேண்டியிருந்தது. டீ கொண்டுவந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார்.

“அப்படியே உள்ள வரட்டுமா, இல்ல செருப்பக் கழட்டணுமா?”

பத்தில் ஒன்று

மொதலாளியே சிரித்துவிட்டார், அதனால் பிழைத்தேன். மறுபடி 1:10-க்கு வரைந்தேன். ஏ-ஃபோரில் அழகாக உட்கார்ந்தது. அடியில் ‘படத்தை அளக்காதீர், எழுதிய அளவைப் படியுங்கள்’ என்று தமிழில் எழுதினேன். கன்னடத்தில் நஞ்சப்பண்ணனே எழுதிக் கொடுத்தார்.

ஃபிரேம் முடிந்ததும் பெங்களூர் கஸ்டமர் பார்க்க வந்தார். வந்த வேகத்தில் பையிலிருந்து ரூலை எடுத்துப் படத்தில் வைத்தார். இருநூற்று நாற்பது இருக்க வேண்டிய இடத்தில் இருநூற்று இருபத்தெட்டு! பிரிண்டர் பாவி, தாளுக்குள் அடங்கட்டும் என்று தானாகவே சுருக்கியிருக்கிறது. “டிராயிங்கே தப்பு, ஃபிரேம் எப்படி சரியா இருக்கும்? எனக்கு வேண்டாம்” என்றார் கஸ்டமர். மொதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நஞ்சப்பண்ணன் அளவு டேப்பை இழுத்து ஃபிரேமின் மேல் பிடித்துக் காட்டினார். எழுதியிருந்த அதே இரண்டாயிரத்து நானூறு, மயிரிழை பிசகில்லை. பிறகு கஸ்டமர் கையிலிருந்த ரூலைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, அடியிலிருந்த கன்னட வரியில் விரலை வைத்தார்.

“இதப் படிங்க சார், நான் எழுதினது. படத்த அளந்து கெட்டவன் நான் ஒருத்தன் போதாதா?”

கஸ்டமர் அந்த வரியைப் படித்துவிட்டு, ஃபிரேமை வண்டியில் ஏற்றச் சொன்னார். அந்தப் பன்னிரண்டு கம்பி பாழானதால்தான் என் வேலை தப்பித்தது என்று நானும் சொல்லிப் பார்க்கிறேன், மொதலாளி மட்டும் இன்றுவரை ஒத்துக்கொள்வதாக இல்லை.