எங்கள் பக்கத்தில் அப்படி யாருமில்லை

அந்துருண்டை வாசம். வடக்கிலிருந்து ஒரு நாள் காற்று வந்துவிட்டால் போதும், இந்த வங்காள நகரம் பீரோக்களைத் திறந்து கம்பளிகளை உதறத் தொடங்கிவிடும். பால் வாங்கப் போகிறவன்கூடக் காது, கழுத்து, கன்னம் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு ஏதோ பனிமலை முகாமுக்குக் கிளம்பியவனைப் போல நடப்பான். எங்கள் லேக் கார்டன்ஸ் வீட்டு மாடிப்படி முழுக்க அந்த வாசம் நிற்கும். அது மூக்கில் ஏறும்போதெல்லாம் நான் மறுபடியும் ஒரு கட்டிலில் கிடக்கிறேன், சுவரைப் பார்த்தபடி. சுவரும் என்னைப் பார்த்தபடி. எங்களுக்குள் பேச ஒன்றும் இருக்கவில்லை.

சில வருஷங்களுக்கு முந்தைய குளிர்காலம் அது. பல் தேய்ப்பதற்கே உள்ளுக்குள் ஒரு தீர்மானம் நிறைவேற்ற வேண்டியிருந்தது. பெரும்பாலும் அது தோற்றது. சோறு மண்ணாக இருந்தது. சொற்கள் அதைவிட மண்ணாக.

காரணங்களுக்கு மட்டும் பஞ்சமில்லை. கீழ்வீட்டு பௌதி, அதாவது அண்ணி, இந்த ஊரில் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் நமக்கு அண்ணிகள்தான், இது சுத்தமாக வாயுத் தொல்லை என்றாள். வங்காளத்தில் மனித குலத்தின் சகல துயரங்களும் வயிற்றில்தான் பிறக்கின்றன. தினமும் ஓமத்தண்ணீர் வந்தது. மத்திய அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் இருக்கும் என் கணவர், கவிதை எழுதுவதால் வந்த வினை என்றார்; தணிக்கை அறிக்கை எழுதியவர்கள் யாரும் இப்படிப் படுத்து அவர் பார்த்ததில்லையாம். சென்னையிலிருந்து உறவுகள் கண் திருஷ்டி என்று செய்தி அனுப்பின. என் தொகுப்புகள் விற்ற வேகத்துக்கு யார் வந்து கண் வைத்திருப்பார்கள் என்று அவர்கள் யோசிக்கவில்லை.

கடைசியில் திருச்சியிலிருந்து அப்பா வந்தார். நாங்கள் இருக்கும் இதே ஊரில், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், டாக்டரிடம் போகலாம் என்றார். அந்த வீட்டில் அதுவரை யாரும் சொல்லாத வார்த்தை அது. அப்பாவை நான் அன்று மிகவும் மெச்சிக்கொண்டேன். அவசரப்பட்டுவிட்டேன்.

காளிகாட் சந்தொன்றில், மருந்துக் கடை மாடியில், டாக்டரின் சேம்பர். கீழே செம்பருத்தி மாலைகளோடு கோவிலுக்குப் போகிற கூட்டம். மேலே, வேறெங்கும் போக இடமில்லாதவர்களின் கூட்டம். டாக்டர் வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். ரத்த சொந்தத்தில் யாருக்காவது மனநலப் பிரச்சினை உண்டா என்று கேட்டார்.

அப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார். அந்த நிமிர்வு எனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பார்க்க வந்த அன்று கூடத்தில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். அன்று சொன்ன அதே வாக்கியத்தை, இப்போது ஆங்கிலத்தில் போட்டு, எங்கள் பக்கத்தில் அப்படி யாருமில்லை, மிகவும் நல்ல குடும்பம் என்றார். கணவர் விடுவாரா? தங்கள் பக்கத்திலும் கிடையாது என்றார். அவர் பக்கத்தை யாரும் கேட்கவே இல்லை. அவர் எனக்கு ரத்த சொந்தமும் இல்லை. ஆனாலும் எதிர்த்தரப்பு இவ்வளவு சுத்தமாக நிற்கும்போது தான் மட்டும் எப்படிச் சும்மா இருப்பது? இரண்டு குடும்பங்களும் பழுதில்லாமல் பொருந்தின. கேசரியும் பஜ்ஜியும்தான் வரவில்லை.

டாக்டர் இன்னொன்றும் கேட்டார். இதற்கு முன்னால் எப்போதாவது தூக்கமே இல்லாமல், ஓயாத பேச்சும் அளவில்லாத உற்சாகமுமாக இருந்ததுண்டா? கணவர் சிரித்தார். அவள் கவிஞர் சார் என்றார். ஒரு மழைக்காலம் முழுக்கத் தூங்காமல் நான் ஒரு புத்தகத்தை முடித்திருந்தேன். கூடவே உறவினர் அத்தனை பேரோடும் சண்டை போட்டு, டார்ஜிலிங்கில் குடியேற வீடும் பார்த்திருந்தேன். அதெல்லாம் எங்கள் வீட்டில் வியாதிக் கணக்கில் சேராது. திறமைக் கணக்கில் சேரும்.

எனக்கு வாய் திறக்கத் தெம்பில்லை. கேட்டதை நம்பி டாக்டர் மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதினார். தூக்கம் குறைந்தாலோ நடவடிக்கை மாறினாலோ உடனே கூப்பிடுங்கள் என்றார். எல்லாரும் பணிவாகத் தலையாட்டினார்கள்.

மாத்திரை வேலை செய்தது. சாதாரணமாக அல்ல, அபாரமாக. சில வாரங்களில் எழுந்தேன், குளித்தேன், சமைத்தேன், பாடினேன். அப்பா கட்டடம் முழுக்கச் சந்தேஷ் இனிப்பு கொடுத்தார். பிறகு விடியுமுன் பால்கனிக்கு நீல வண்ணம் அடித்தேன். தமிழும் வங்காளமும் கலந்த ஒரு நாளிதழ் தொடங்கினேன், மனதுக்குள். அதற்கு ஆசிரியர் குழுவாக மீன் சந்தையிலிருந்தும் டிராம் டிப்போவிலிருந்தும் ஆள் சேர்த்தேன். எல்லாச் சத்தமும் எதுகையோடு வந்தது. ரிக்‌ஷா மணி என்னை வாழ்த்தியது, குழாய்த் தண்ணீர் என்னை வாழ்த்தியது, ஆகாயம் என் தோளில் கைபோட்டு நடந்தது. தூக்கம் எனக்குப் பழைய ஃபேஷனாகத் தெரிந்தது. குணமாகிவிட்டாள் என்றார் கணவர். முகம் தெளிந்துவிட்டது என்றார் அப்பா. நம்பாதவள் ஒருத்திதான். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் மகள், புத்தகத்துக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பிற்பகல் அவளை இழுத்துக்கொண்டு ஹவுராவுக்குப் படகேறினேன். நடு ஆற்றில் எனக்கு ஒன்று தெளிவானது. ஆறு கடலுக்குப் போகும்போது படகு மட்டும் அக்கரையில் நின்றுவிடுவது அநியாயம். படகோட்டியிடம் நேராகக் கடலுக்கு விடச் சொன்னேன். அவர் கேட்காததால், நானே போய்ச் சேர்வதென்று தடுப்புக் கம்பியில் கால் வைத்து ஏறினேன். புடவைத் தலைப்பு பின்னாலிருந்து இழுபட்டது. திரும்பினேன். என் மகள் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அவள் மணிக்கட்டு மட்டும் சிவந்துபோயிருந்தது.

அன்றே மறுபடி சேம்பர். டாக்டர் அதே கேள்வியை வேறு சொற்களில் கேட்டார். அப்பா மறுபடி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, எங்க பக்கத்துல, என்று தொடங்கினார்.

"தாத்தா, டாக்டர் பொண்ணு பாக்க வரல" என்றாள் மகள். "அம்மாவுக்கு மருந்து எழுதணும் அவருக்கு."

நான் அந்த நேரத்தில் மின்விசிறியோடு பேசிக்கொண்டிருந்தேன். ஆனாலும் அப்பா சொன்னது காதில் விழுந்தது.

"என் தங்கச்சி ஒருத்தி இருக்கா. லித்தியம்னு ஒரு மாத்திரை. இருபது வருஷமா சாப்பிடறா. நல்லாத்தான் இருக்கா."

சின்ன அத்தை. குடும்பத்தின் எல்லாக் கல்யாணங்களிலும் பந்தி முடிந்ததும் கைப்பையிலிருந்து மாத்திரை எடுத்து, சொம்புத் தண்ணீரையும் குடித்து முடிக்கிற அத்தை. சத்து மாத்திரை என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்குப் போவாள். சர்க்கரை என்று சொல்லப்பட்டது. அதே அத்தை இலைக்கு இரண்டு ஜாங்கிரி சாப்பிடுவாள். ஒரு கேள்வி வந்ததில்லை. கேள்வி கேட்காத குடும்பம் என்பது எவ்வளவு பெரிய சம்பத்து.

அதாவது நோயின் பெயரும், அதற்கு எங்கள் ரத்தத்தில் எந்த மருந்து கேட்கும் என்பதும் அப்பாவின் சட்டைப்பையிலேயே இருந்தன. என் கல்யாணம் நின்றுவிடக்கூடாதே என்று பத்திரமாக வைத்திருந்தார். எனக்குக் கல்யாணமாகி மகளே கல்லூரி வாசலுக்கு வந்துவிட்டாள் என்பது அவருக்கு நினைவில்லை.

டாக்டர் கோபப்படவில்லை. இது இருதுருவ நோய் என்றார். மேலே ஒரு கோடி, கீழே ஒரு கோடி. கீழே கிடப்பதற்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலரை அது மேலே தூக்கி வீசிவிடும். ஒற்றைக் காரணம் கிடையாது. பரம்பரையில் ஒரு சாய்வு வரலாம், தூக்கக்கேடும் மனஅழுத்தமும் அதைத் தள்ளிவிடலாம். சாய்வு உள்ளவர்கள் எல்லாரும் விழுவதில்லை. அத்தைக்கு லித்தியம் கேட்டிருப்பது நல்ல செய்தி என்றார். வாயுவைப் பற்றியும் கவிதையைப் பற்றியும் அவர் ஒன்றும் சொல்லாதது பௌதிக்கும் கணவருக்கும் வருத்தம்தான்.

பழைய மாத்திரை நின்றது. சில நாள் ஆஸ்பத்திரி. சிறுநீரகம், தைராய்டு எல்லாம் பார்த்துவிட்டு லித்தியம் தொடங்கினார்கள். அது ஒருவகை உப்பு. இத்தனை வருஷம் உபநிடதம், உருவகம், உள்ளொளி என்று அலைந்தவளை ஒரு உப்பு வந்து உட்கார வைத்தது. கொஞ்சம் கூடினாலும் விஷமாகும் என்பதால் அவ்வப்போது ரத்தத்தில் அளவு பார்க்கவேண்டும். தாகம் எடுக்கிறது, பேனா பிடித்த கை லேசாக நடுங்குகிறது, பத்து மணிக்குப் படுத்துவிடவேண்டும். கவிஞர் நண்பர்கள் துக்கம் விசாரித்தார்கள். அந்தத் தீ போய்விடுமே என்றார்கள். தீயில் எழுதியதை எடுத்துப் படித்துப் பார்த்தேன். பாதி ஆச்சரியக்குறி, மீதி ஆகாயம். இப்போது வரிகள் மெதுவாக வருகின்றன, அரசு அலுவலகத்துக்கு வருவது போல. ஆனால் வந்தால் வேலை செய்கின்றன.

மாசியில் அப்பா ஊருக்குக் கிளம்பினார். ஹவுராவில் ரயில் நின்றுகொண்டிருந்தது. அவர் பெட்டி வாசலில், நாங்கள் பிளாட்பாரத்தில். கணவர் தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தார். மகள் அந்தக் கேள்வியைப் பல வாரங்களாக வாய்க்குள் வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். என்னிடம் கேட்காமல் அவரிடம் கேட்டாள்.

"எனக்கும் வருமா தாத்தா?"

அப்பாவின் கை சட்டையின் விளிம்புக்குப் போனது. இழுத்துவிடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"வரலாம்மா. வராமயும் போகலாம். தூக்கமே வேண்டாம்னு தோணிச்சுன்னா, அது எவ்வளவு சந்தோஷமா இருந்தாலும், அம்மாகிட்ட சொல்லிடு. அம்மாவும் சரியில்லைன்னா அம்மாவோட சின்ன அத்தைக்கு போன் போடு. அவளுக்கு நம்ம எல்லாரையும் விட ஜாஸ்தி தெரியும்."

சொல்லிவிட்டார். அப்பாவால் அதற்குமேல் உண்மையைத் தாங்க முடியவில்லை போலிருக்கிறது. கணவர் தூரத்தில் வருவதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"ஆனா நாளைக்கு உனக்குன்னு ஒரு வரன் பேச்சு வந்தா, அதை நான் வந்து பக்குவமாப் பேசிக்கறேன்."

ரயில் அசைந்தது. மகள் இரண்டு எட்டு கூடவே நடந்தாள்.

"அதை நானே பேசிக்கறேன் தாத்தா. நீங்க உள்ள போய் உக்காருங்க."