ரெஜானின் கராஜில் ஒரு மயிரளவு

வெடித்த துப்பாக்கி ரவையின் வெற்றுக் கோதுக்கு ஒரு மணம் இருக்கிறது... எரிந்து அணைந்த தீக்குச்சியும் பழைய செப்புக் காசும் கலந்த மாதிரி. மொன்றியலுக்குப் பக்கத்து டோர்வலில், என் வாடிக்கையாளன் ரெஜானின் கராஜுக்குள் கால் வைத்ததும் அதுதான் மூக்கில் ஏறியது. எனக்கும் என் மனைவியின் தம்பி யோகனுக்கும் அது புதிய மணம் இல்லை. யாழ்ப்பாணத்தில் வேண்டிய அளவு மணந்துவிட்டுத்தான் மொன்றியலுக்கு வந்திருந்தோம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வாரவிறுதிச் சந்தை ஒன்றில் பழைய டூல்ஸ் விற்கக் கடை போட்டிருந்தேன். ஒரு வீட்டைக் காலி செய்தவர்களிடம் பெட்டியோடு வாங்கிய சாமானுக்குள், கைப்பிடி வைத்த பிரஸ் ஒன்றும் அதில் திருகிப் பூட்டும் இரும்பு அச்சு ஒன்றும் கிடந்தன. அச்சை டை என்பார்கள். சுட்ட ரவையின் கோது உப்பிவிடும். டைக்குள் ஏற்றி நெருக்கினால் திரும்பவும் பாவிக்கலாம்.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. விற்கும்போது "நல்ல சாமான்" என்பது மட்டும்தான் தெரியும். வியாபாரத்துக்கு அது காணும்.

அதை வாங்கிய ரெஜான் மூஸ் மான் வேட்டைக்குப் போகிறவன், எங்கள் வயதுதான். அடுத்த சனிக்கிழமை வந்து சந்தை நடுவில் நின்றான். நெருக்கிய கோது தன் ரைஃபிளுக்குள் போகவில்லை, டை பழுது என்றான். பக்கத்துக் கடைக்காரர் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

புதுக் கடை, புது முகம். பழுது விற்கிறவன் என்று ஒரு பெயர் விழுந்தால் கடையைச் சுருட்ட வேண்டியதுதான். "வீட்டை வாறம், எங்களுக்கு முன்னாலை செய்து காட்டச் சொல்லு" என்றேன் யோகனிடம். அவன் அப்போது பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தான். எனக்கு வாய் அவன்தான்.

கராஜில் ரெஜான் ஒரு கோதில் எண்ணெய் பூசி, பிரஸ்ஸில் வைத்துக் கைப்பிடியை இழுத்தான். பிறகு அதை ரைஃபிளுக்குள் விட்டான். பின்பக்கத்தை அடைக்கும் போல்ட் மூட மறுத்தது.

டையை இன்னும் இறக்கச் சொன்னேன். கூட இறக்கினால், கோது கழுத்தாக ஒடுங்கும் தோள் அளவுக்கு மிஞ்சிப் பின்னே போகும், சுடும்போது கிழியும் என்று தலையை ஆட்டினான். பிறகு டையையே பார்த்தபடி முணுமுணுத்தான். "அன் புவால்... அன் புவால்..."

யோகனின் முகம் மாறியது.

"என்னவாம்?"

"அத்தான்... மயிர் எண்டுறான்."

"ஆரை?"

"ஆரை எண்டு சொல்லேல்லை. ஆனா ரெண்டு தரம் சொல்லிட்டான்."

நான் பிரஸ்ஸின் நட்டைக் கழற்றத் தொடங்கினேன். "தூக்கடா சாமானை. காசைத் திருப்பிக் குடுத்திட்டுப் போவம். பஸ் ஏறி வந்தது பேச்சு வாங்கவோ?"

ரெஜான் திகைத்துப்போனான். யோகன் ஏதோ கேட்டான். ரெஜான் யோசித்துவிட்டு, தன் தாடியில் ஒரு மயிரைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தான். டை இறங்க வேண்டியது அவ்வளவுதானாம்.

"இவங்கள் இதாலைதான் அளக்கிறாங்கள் போலை, அத்தான்."

"எங்களிட்டையும் மயிரிழை எண்டு இருக்குத்தானே, மடையா."

தமிழில் அது வசவு என்று யோகன் விளக்கியபோது, ரெஜான் சிரித்துச் சிரித்து வாங்கிலில் குந்திவிட்டான்.

பிறகு டையைத் திருகினான். திருகினானா என்றே சந்தேகம். அடுத்த கோதை நெருக்கி உள்ளே விட்டு, மூடும்படி என்னிடம் நீட்டினான். துவக்கைத் தொடுவதில்லை என்று இருந்தவன் நான்... தொட்டேன். போல்ட் ஃபிரிட்ஜ் கதவு மாதிரி மெல்லச் சாத்திக்கொண்டது.

அப்போதுதான் சொன்னான். கோதுகள் அவன் தம்பியின் ரைஃபிளில் சுட்டவை. வெடிக்கும்போது பித்தளை உப்பி, அந்தத் துவக்கின் உட்புறத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுமாம். அதனால்தான் இன்னொன்றுக்குள் போகாது. ஒரே கம்பனி, ஒரே ரகம், இரண்டு துவக்கு... இடையில் ஒரு தாடி மயிர்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு வளவுக்குள் வாளியில் அள்ளியிருக்கிறோம் கோதுகளை. ஒவ்வொன்றும் தன்னைச் சுட்ட துவக்கை உள்ளே வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறது. நாங்கள் பழைய பித்தளை விலைக்கு விற்றுவிட்டோம்.

யோகன் துவக்கிலிருந்து எடுத்த கோதைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

அடுத்த வாரம் ரெஜான் கூட்டாளிகள் இரண்டு பேரைக் கடைக்குக் கூட்டிவந்தான். சந்தையில் என் பெயர் நின்றது.

இப்போது என் சாமான் எல்லாம் ஒன்லைனில் போகிறது. பிடிக்காதவர் ஒரு பட்டனை அழுத்துகிறார், பெட்டி திரும்பி வருகிறது... ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. லாபம் இப்போதுதான் கூட, பொய் சொல்லக்கூடாது. ஆனாலும், சண்டைக்கு வந்து வீட்டுக்குள் கூப்பிட்டு, பித்தளைக்கும் ஞாபகம் உண்டென்று காட்டி அனுப்புகிற ஒரு வாடிக்கையாளன் இனி எனக்கு எங்கே வாய்க்கப்போகிறான்...